பிள்ளையை லிட்டில் லீக்கில் சேர்த்தாயிற்று: இனி யாரிடம் என்ன கேட்பது?

அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள், பள்ளித் தோழர்களைப் பார்த்து "நானும் பேஸ்பால் ஆடுகிறேன்" என்று கேட்பது இப்போது சகஜம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பெற்றோருக்கு ஆட்டம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பு நடக்கும் விதம்தான். ஏன் நம் பிள்ளை எப்போதும் பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டிலேயே (மைதானத்தின் வலது ஓரம்) நிற்கிறான்? மேனேஜரின் (அணியின் தலைமைப் பயிற்சியாளர்) மகனே ஏன் எல்லா ஆட்டத்திலும் பிட்ச் செய்கிறான் (பேட்டருக்குப் பந்து எறிகிறான்)? கட்டிய பணம் எங்கே போகிறது? லீக்கின் சிறந்த பிள்ளைகளைச் சேர்த்து அமைக்கும் ஆல்-ஸ்டார் அணியை யார், எப்போது முடிவு செய்தார்கள்? ஏப்ரல், மே மாதங்களில் எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும் இந்தக் கேள்விகள் காதில் விழும்.

இந்தக் கேள்விகளை மூன்றாகப் பிரிக்கப் பழகுங்கள். சில விஷயங்கள் தலைமையகத்தின் விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டவை. சில, உள்ளூர் லீக் தன் விருப்பப்படி முடிவு செய்பவை. மற்றவை மேனேஜர் தீர்மானிப்பவை. முதல் வகை என்றால் விதியைக் காட்டி உறுதியாகக் கேட்கலாம். இரண்டாவதை மாற்ற, லீக்கின் கூட்டத்துக்குப் போக வேண்டும். மூன்றாவதற்குப் பேச்சுவார்த்தைதான் வழி. இது தெரியாமல் எல்லாவற்றையும் மேனேஜர் மேல் கொட்டுவதால்தான் நியாயமான புகார்கூட எடுபடாமல் போகிறது.

நடத்துவது யார்?

லிட்டில் லீக்கை 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் தொடங்கினார். தலைமையகம் இன்றும் அந்த ஊரை ஒட்டியே இருக்கிறது. ஆனால் உங்கள் ஊர் லீக்கை நடத்துவது தலைமையகம் அல்ல. ஆண்டுதோறும் அனுமதி வாங்கி நடத்துவது உள்ளூர்ப் பெற்றோர்களைக் கொண்ட ஒரு நிர்வாகக் குழு. அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தலைவர், செயலாளர், பொருளாளர் தவிர, நீங்கள் பெயரோடு தெரிந்து வைத்திருக்க வேண்டிய பதவிகள் இரண்டு. ஒன்று பிளேயர் ஏஜெண்ட்: தேர்வுப் பயிற்சி, அணி பிரிப்பு, பிள்ளைகளை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற்றுவது எல்லாம் இவர் பொறுப்பு. தன் பொறுப்பில் உள்ள பிரிவில் இவர் மேனேஜராகவோ கோச்சாகவோ இருக்கக் கூடாது என்பது விதி. இன்னொருவர் சேஃப்டி ஆபீசர்: காயம், மைதானப் பாதுகாப்பு, தன்னார்வலர்களின் பின்னணிச் சோதனை ஆகியவற்றைப் பார்ப்பவர்.

பல லீக்குகளைச் சேர்த்து ஒரு மாவட்டம் அமையும். அதற்கு டிஸ்ட்ரிக்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவர் இருப்பார், அவரும் தன்னார்வலரே. அவருக்கும் மேலே வட்டார அலுவலகங்கள்: பிரிஸ்டல் (கனெக்டிகட்), வார்னர் ராபின்ஸ் (ஜார்ஜியா), வைட்ஸ்டவுன் (இந்தியானா), வேக்கோ (டெக்சஸ்), சான் பெர்னார்டினோ (கலிஃபோர்னியா).

உங்கள் ஊரில் இருப்பது லிட்டில் லீக்தானா என்று முதலில் பாருங்கள். போனி, கால் ரிப்கன் போன்ற வேறு அமைப்புகளும் உண்டு. அவற்றின் விதிகளும் மைதான அளவுகளும் வேறு. கீழே வரும் எண்கள் லிட்டில் லீக்கினுடையவை.

பதிவு

வசந்த கால சீசனுக்கான பதிவு பெரும்பாலான ஊர்களில் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் முடிந்துவிடும். மார்ச்சில் நினைவு வந்தால் காத்திருப்போர் பட்டியல்தான். புதிதாக வந்தவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது.

எந்த லீக்கில் சேரலாம் என்பதை வீட்டு முகவரி அல்லது பள்ளி இருக்கும் இடம் தீர்மானிக்கிறது. லீக் இணையதளத்தில் எல்லை வரைபடம் இருக்கும். தலைமையகத்தின் தளத்தில் முகவரியைத் தட்டினாலும் சொல்லிவிடும். முகவரிக்கு ஆதாரம் மூன்று தொகுதிகளாகக் கேட்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஓர் ஆவணம் வேண்டும். ஓட்டுநர் உரிமம், மின்சார பில், வாடகை ஒப்பந்தம் போன்றவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். மூன்று மின் பில்லைக் கொடுத்தாலும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். பள்ளி வழியாகச் சேருவதென்றால் பள்ளி கையெழுத்திட்ட படிவம் ஒன்று போதும்.

பிள்ளையின் உண்மை வயது வேறு, லீக் வயது வேறு. ஒரு குறிப்பிட்ட தேதியை வைத்து அது கணக்கிடப்படுகிறது. தலைமையகத்தின் வயது அட்டவணையில் அந்தந்த ஆண்டுக்குரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டவணையை நம்ப வேண்டாம்.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். அதோடு தன்னார்வ வேலை செய்தால் திரும்பக் கிடைக்கும் வைப்புத் தொகை, லாட்டரிச் சீட்டு விற்பனை, தின்பண்டக் கடையில் முறை என்று கூடுதலாகச் சில வரும். பலருக்கும் தெரியாத விதி ஒன்று இங்கே இருக்கிறது: கட்டணம் வசூலிக்கலாம், ஆனால் பணம் கட்டினால்தான் ஆடலாம் என்ற நிபந்தனையை லிட்டில் லீக் அனுமதிப்பதில்லை. வேலை போன குடும்பம், விசா மாற்றத்தில் சம்பளம் நின்ற குடும்பம் தயங்காமல் தலைவருக்கு எழுதலாம். தள்ளுபடி கேட்பது தானம் கேட்பதல்ல, அது பிள்ளையின் உரிமை.

மட்டை, கையுறை

பணம் வீணாவது மட்டையில்தான். 2018 ஜனவரி 1 முதல் லிட்டில் லீக்கின் சிறுவர் பிரிவுகளில் உலோக, கலவை மட்டைகளுக்கு யூ.எஸ்.ஏ பேஸ்பால் (அமெரிக்க பேஸ்பாலின் தேசிய அமைப்பு) முத்திரை கட்டாயம். கடையில் பக்கத்திலேயே யூ.எஸ்.எஸ்.எஸ்.ஏ என்ற வேறோர் அமைப்பின் முத்திரை உள்ள மட்டைகளும் அடுக்கியிருக்கும். அவை ஊர் ஊராகப் போய்ப் போட்டிகளில் ஆடும் டிராவல் அணிகளுக்கானவை; பந்து வேகமாகப் பறக்கும், விலையும் கூடுதல். லிட்டில் லீக் ஆட்டத்தில் அவற்றுக்கு இடமில்லை, நடுவர் பிடுங்கி வைத்துவிடுவார். பெட்டியைப் பிரிக்கும் முன் கைப்பிடிக்கு மேலே உள்ள முத்திரையைப் படியுங்கள். எடை சரியா என்று பார்க்க, பிள்ளை ஒரே கையால் மட்டையின் அடியைப் பிடித்துப் பக்கவாட்டில் நேராக நீட்டி நிற்கட்டும். இருபது, முப்பது விநாடிக்குள் கை தாழ்ந்தால் அந்த மட்டை கனம். முதல் வருடத்துக்குச் சாதாரண அலுமினிய மட்டையே தாராளம்.

கையுறையை எறியாத கையில் போட வேண்டும். வலது கையால் எறியும் பிள்ளைக்கு இடது கையில் ஏறும் கையுறை. பெட்டியில் "ரைட் ஹேண்ட் த்ரோ" என்று எழுதியிருப்பது எறியும் கையைக் குறிக்கிறது. அதை வலது கைக்கான கையுறை என்று எண்ணி மாற்றி வாங்கி வருபவர்கள் பலர். மேஜர்ஸ் பிரிவு (பன்னிரண்டு வயது வரையிலானவர்களின் பிரிவு) வரை உலோக முள் வைத்த காலணி கூடாது. பையன்களுக்கு இடுப்புக் கவசம் வாங்கிவிடுங்கள். கேட்சராக (பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவன்) நிற்பவனுக்கு அது கட்டாயம்.

தேர்வுப் பயிற்சியும் அணி பிரிப்பும்

ஜனவரி, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வரவழைத்து, தரையோடு வரும் பந்து சில, உயரப் பந்து சில, ஐந்தாறு எறிதல், சில மட்டை வீச்சு, ஓர் ஓட்டம் என்று பார்த்து மேனேஜர்கள் மதிப்பெண் போடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சில நிமிடங்கள்தான். பிறகு பிளேயர் ஏஜெண்ட் முன்னிலையில் மேனேஜர்கள் மாறி மாறி ஆளெடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பெற்றோருக்கு அனுமதி இல்லை. மேனேஜரின் பிள்ளை அவருடைய அணிக்கே போவதற்கு விதிப்படி வழியிருக்கிறது. நண்பனோடு ஒரே அணி வேண்டும் என்ற கோரிக்கையைச் சிறிய பிரிவுகளில் முடிந்தால் பார்ப்பார்கள். ஆளெடுப்பு நடக்கும் பிரிவுகளில் அதற்கு உத்தரவாதமில்லை.

கிரிக்கெட் ஆடிய பிள்ளைக்குச் சில பழக்கங்களை முன்பே மாற்ற வேண்டும். அடித்தவுடன் மட்டையைக் கையில் பிடித்தபடி ஓடக் கூடாது, போட்டுவிட்டு ஓட வேண்டும். பந்தை இரண்டு வெறுங்கைகளாலும் அணைத்துப் பிடிக்கும் பழக்கம் போய், கையுறையின் வலைப்பகுதியில் வாங்கி மற்றக் கையால் மூட வேண்டும். நேர்மட்டையால் தரையோடு தடுத்தாடும் உள்ளுணர்வு இங்கே உதவாது. கொல்லைப்புறத்தில் மூன்று நான்கு வாரம், தினமும் கால் மணி நேரம் எறிந்து பிடித்தாலே மதிப்பெண்ணில் தெரியும். "தன் பிள்ளைக்குச் சாதகமாக அணி எடுத்துவிட்டார்கள்" என்ற புகார் சில ஊர்களில் உண்மையாகவே இருக்கும். ஆனால் தேர்வுப் பயிற்சிக்கு வராத பிள்ளையை யாரும் முன்னால் எடுப்பதில்லை என்பதும் உண்மை.

ஆட வைக்கவில்லை என்றால்

சீசனில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இதைப் பற்றியே. விதி இதுதான்: ஆட்டம் தொடங்கும்போது வந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஆறு அவுட் விழும்வரை ஃபீல்டில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் செய்ய வேண்டும். ஓர் இன்னிங்ஸில் ஓர் அணிக்கு மூன்று அவுட் என்பதால், ஆறு அவுட் என்றால் இரண்டு இன்னிங்ஸ். மழையாலோ இருட்டாலோ வேறு காரணத்தாலோ ஆட்டம் பாதியில் நின்றால் விலக்கு உண்டு. விடுபட்ட பிள்ளை அடுத்த ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்தே ஆடி, பழைய பாக்கியையும் அன்றைய பங்கையும் முடித்த பிறகே வெளியே எடுக்கப்படலாம். மேனேஜருக்கு முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை, இரண்டாம் தடவை ஓர் ஆட்டத் தடை, மூன்றாம் தடவை மீதிச் சீசன் முழுவதும் தடை.

பல லீக்குகள் வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக பேட் செய்யும் முறையை வைத்திருக்கின்றன. உங்கள் லீக்கின் உள்ளூர் விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். சில ஊர்களில் ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு இன்னிங்ஸ் வெளியே உட்காரக் கூடாது, இன்ஃபீல்டில் (பேஸ்களை ஒட்டிய உட்பகுதி) ஒரு இன்னிங்ஸாவது தர வேண்டும் என்றெல்லாம் உள்ளூர் விதி உண்டு. அப்படி இல்லாத ஊரில் எந்த இடத்தில் நிற்க வைப்பது என்பது மேனேஜரின் விருப்பம். ரைட் ஃபீல்டில் நிற்க வைப்பது விதிமீறல் ஆகாது. அதை விதிமீறலாகப் பேசினால் உங்கள் அடுத்த கடிதத்தையும் யாரும் படிக்க மாட்டார்கள்.

எனவே குறித்து வையுங்கள். கைபேசியில் தேதி, எதிரணி, பிள்ளை எந்த இன்னிங்ஸில் எந்த இடத்தில் நின்றான், எத்தனை முறை பேட் செய்தான், ஆட்டம் எத்தனை இன்னிங்ஸ் நடந்தது என்று ஓர் ஆட்டத்துக்கு ஒரு வரி போதும். மற்றப் பிள்ளைகளின் கணக்கைக் குறிக்க வேண்டாம். "அவன் அவ்வளவு ஆடினான், என் மகன் இவ்வளவுதான்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே உடைந்துவிடும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: "ஏப்ரல் 12 ஆட்டத்தில் எங்கள் மகன் மூன்று அவுட் வரைதான் ஃபீல்டில் நின்றான், பேட் செய்யவில்லை. ஆட்டம் ஆறு இன்னிங்ஸும் நடந்தது. குறைந்தபட்ச விதியின்படி அடுத்த ஆட்டத்தில் இதை எப்படி ஈடுசெய்வீர்கள் என்று தெரிவியுங்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம்.

தோள்பட்டை: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

கிரிக்கெட் பின்னணி உள்ள பிள்ளைகளில் கை வலுவாக எறிபவர்களை மேனேஜர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பிட்சர் ஆக்கினால் வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் வளரும் எலும்பின் நுனிகளும் முழங்கைத் தசைநாரும் தாங்கும் அளவுக்கு எல்லை உண்டு. அதனால்தான் லிட்டில் லீக் 2007 முதல் எத்தனை பந்து என்று எண்ணுகிறது. ஒரு நாளைக்கு 7–8 வயதுக்கு 50 பந்து, 9–10 வயதுக்கு 75, 11–12 வயதுக்கு 85, 13–16 வயதுக்கு 95. வரம்பைத் தொடும்போது எதிரில் இருக்கும் பேட்டரை மட்டும் முடிக்கலாம். அதனால் 88 என்று பார்த்தவுடன் மீறல் என்று சொல்லிவிட முடியாது.

ஓய்வுக் கணக்கு இன்னும் முக்கியம். 14 வயது வரை: 20 பந்து வரை ஓய்வு தேவையில்லை, 21–35 என்றால் ஒரு நாள், 36–50 என்றால் இரண்டு நாள், 51–65 என்றால் மூன்று நாள், 66 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு நாள். நாள் என்பது முழு நாட்காட்டி நாள். சனிக்கிழமை 70 பந்து போட்டவன் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் ஓய்ந்து வியாழன்தான் மறுபடி பிட்ச் செய்யலாம். 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்று கேட்சராக நிற்கக் கூடாது. நான்கு இன்னிங்ஸ் கேட்சராக நின்றவன் அன்று பிட்ச் செய்யக் கூடாது. இந்த இரண்டு வேலையிலும் எறியும் சுமை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுவதே காரணம்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டை விழுவது வேறு இடத்தில். பிள்ளை லிட்டில் லீக்கிலும் டிராவல் அணியிலும் ஒரே சமயத்தில் ஆடினால் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை இங்கே 60, வியாழக்கிழமை அங்கே 50. இரண்டு கோச்சும் தத்தம் விதிப்படி நடந்திருப்பார்கள்; கை மட்டும் கெட்டுப்போயிருக்கும். சேர்த்து எண்ண வேண்டியது பெற்றோர்தான். மேஜர் லீக் பேஸ்பாலும் யூ.எஸ்.ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டல், 9–12 வயதினர் 12 மாதத்தில் 80 இன்னிங்ஸுக்கு மேல் பிட்ச் செய்ய வேண்டாம் என்றும், ஆண்டுக்கு நான்கு மாதம் எறிவதை நிறுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. முழங்கையின் உட்பக்கம் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே நிறுத்துங்கள். "இந்த ஒரு ஆட்டம் மட்டும்" என்று கேட்கும் பெரியவர் யாராக இருந்தாலும் முடியாது என்று சொல்லுங்கள். பந்துக் கணக்கு மீறப்பட்டால் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருக்காமல் நேரே பிளேயர் ஏஜெண்டுக்கும் சேஃப்டி ஆபீசருக்கும் அன்றே எழுதுங்கள்.

புகார் போகும் வழி

ஆட்டம் முடிந்த கையோடு பேச வேண்டாம். 24 மணி நேரம் கழியட்டும். பல லீக்குகள் இதை எழுதியே வைத்திருக்கின்றன. பிறகு மேனேஜரிடம் தனியாக, பிள்ளை பக்கத்தில் இல்லாமல் பேசுங்கள். "இன்ஃபீல்டில் நிற்க அவன் எதில் தேற வேண்டும்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும், "ஏன் நிற்க வைக்கவில்லை?" என்றால் வாக்குவாதம்தான். ஒரு வாரத்தில் எதுவும் மாறாவிட்டால் பிளேயர் ஏஜெண்ட். அதன் பிறகு தலைவருக்கு எழுத்தில், நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி. அதற்கும் பதில் இல்லை என்றால் டிஸ்ட்ரிக்ட் அட்மினிஸ்ட்ரேட்டர். விதிமீறல் என்றால் அவர் கேட்பார். மேனேஜரின் விருப்பம் சார்ந்தது என்றால் லீக்குக்கே திருப்பி அனுப்புவார். படியைத் தாண்டிப் போனால் கோப்பு கீழேதான் வரும், நேரம்தான் வீண்.

நடுவரின் தீர்ப்பு பற்றிப் புகார் செய்து பயனில்லை. ஸ்டிரைக்கா பாலா, அவுட்டா இல்லையா என்பது எதிர்ப்பு மனுவுக்கு உட்படாது. பல ஊர்களில் நடுவராக நிற்பது பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை. அவனைப் பார்த்துக் கத்துபவரை மைதானத்தை விட்டு வெளியேற்ற லீக்குக்கு உரிமை உண்டு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் படிகள் எதுவும் பொருந்தாது. பிள்ளையை யாராவது தவறாகத் தொட்டாலோ, தனியே அழைத்தாலோ, அடித்தாலோ முதலில் போலீஸ் அல்லது குழந்தைப் பாதுகாப்புத் துறை. லீக் அதற்குப் பிறகு. லீக்கின் எல்லா மேனேஜர், கோச்சுகளுக்கும் ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை கட்டாயம். உங்கள் அணியில் உதவிக்கு நிற்பவருக்கு அது முடிந்ததா என்று சேஃப்டி ஆபீசரிடம் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. கூச்சப்பட வேண்டாம்.

காயம்பட்டால் உங்கள் மருத்துவக் காப்பீடுதான் முதலில். லீக்கின் விபத்துக் காப்பீடு மீதிக்குத்தான். விபத்துப் படிவம் 20 நாளுக்குள் போக வேண்டும். எனவே "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல் அன்று இரவே சேஃப்டி ஆபீசருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

பணமும் ஆல்-ஸ்டாரும்

பெரும்பாலான லீக்குகள் லாப நோக்கற்ற அமைப்பாக அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்-இல் பதிவானவை. ஆண்டு வருமானம் பொதுவாக 50,000 டாலருக்கு மேல் உள்ள லீக் படிவம் 990 அல்லது அதன் சுருக்க வடிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். ஐ.ஆர்.எஸ் தளத்தில் லீக்கின் பெயரைத் தேடினால் வரவு செலவு தெரியும். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களைக் கேட்டால் காட்டுவது சட்டப்படி லீக்கின் கடமை. சிறிய லீக் என்றால் வரவு செலவு விவரம் இல்லாத, அஞ்சலட்டை அளவிலான இணையப் படிவம்தான் தாக்கல் ஆகியிருக்கும்; அப்போது பொருளாளரின் அறிக்கையைக் கூட்டத்தில் கேட்கலாம். சீருடை, பந்து, காப்பீடு, விளக்குக் கட்டணம், நடுவர் சம்பளம் எல்லாம் பார்த்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் கேள்வி கேட்க எண்கள் கையில் இருக்கும்.

ஜூனில் வரும் ஆல்-ஸ்டார் அணியைத் தேர்ந்தெடுக்கும் முறையை உள்ளூர் நிர்வாகக் குழுவே முடிவு செய்கிறது: மேனேஜர்கள் வாக்கா, பிள்ளைகள் வாக்கா, இரண்டும் கலந்தா என்று. பட்டியல் வந்த பிறகு எதையும் மாற்ற முடியாது. முறை என்ன என்பதை மார்ச்சிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குடும்பத்தோடு ஊருக்குப் போக ஜூன் கடைசியில் விமானச் சீட்டு எடுத்திருந்தால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள். வர முடியாத பிள்ளையைத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

உள்ளே போங்கள்

பேஸ்பால் ஆடத் தெரியாது என்பதால் நம்மவர்கள் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். மட்டை பிடிக்கத் தெரியாமலே செய்யக்கூடிய வேலைகள் ஏராளம். ஸ்கோர் எழுதுவதும் பந்து எண்ணுவதும் அவற்றில் முதன்மையானவை. கிரிக்கெட் ஸ்கோர் எழுதியவருக்கு இரண்டு ஆட்டத்தில் கைவந்துவிடும். பந்து எண்ணுபவர் எதிரணி ஆளோடு ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் எண்ணிக்கையை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். கணக்கு உங்கள் கையில் இருக்கும்போது விதிமீறல் பாதியாகக் குறையும், புகார் எழுதவும் தேவை வராது. பொருளாளருக்குக் கணக்கு பார்த்துக் கொடுப்பது, இணையதளத்தைப் பராமரிப்பது, கால அட்டவணை போடுவது என்று ஆள் கிடைக்காமல் திண்டாடும் வேலைகளும் உண்டு.

நிர்வாகக் குழுவை உறுப்பினர்கள் ஆண்டுக் கூட்டத்தில் தேர்ந்தெடுக்கிறார்கள். லீக்கின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்குவதால் கூட்டம் பெரும்பாலும் கோடை முடிந்ததும் நடக்கும். அப்போது மைதானம் காலி, பெற்றோர்கள் பள்ளி வேலையில் மூழ்கியிருப்பார்கள், வருவது ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டுப் பேர்தான் அடுத்த ஆண்டுக்கான உள்ளூர் விதி, ஆல்-ஸ்டார் முறை, கட்டணம், மேனேஜர் நியமனம் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். வாக்களிக்கும் உறுப்பினர் யார் என்பதை லீக்கின் சாசனம் சொல்லும். சில ஊர்களில் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தால்தான் வாக்கு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் செயலாளருக்கு எழுதி மூன்றைக் கேளுங்கள்: கூட்டத் தேதி, சாசனத்தின் நகல், உங்கள் பெயர் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்பது. மாற்ற விரும்பும் உள்ளூர் விதியை ஒரே பத்தியில் எழுதி, இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களின் ஒப்புதலோடு கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.